ஒரே 7.3 கிலோ, இரண்டு குழந்தைகள்: வளர்ச்சிக் கோட்டைப் படிப்பது எப்படி

ஒன்பது மாதம் முடிந்த இரண்டு பெண் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். இருவரும் 7.3 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் வைத்தால் இருவருக்கும் 15வது பர்சன்டைல், அதாவது நூறு பேர் வரிசையில் 15வது இடம். அங்கன்வாடி அட்டையில் இருவரும் இயல்பைக் காட்டும் பச்சையில்தான் இருப்பார்கள்.

முதல் குழந்தை 2.8 கிலோவில் பிறந்தது. 3 மாதத்தில் 5.1, 6 மாதத்தில் 6.4, இப்போது 7.3. இரண்டாவது குழந்தை 3.2 கிலோவில் பிறந்தது. 3 மாதத்தில் 5.8, 6 மாதத்தில் 7.2, இப்போது 7.3.

முதல் குழந்தையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. பிறந்த நாளிலிருந்தே 15வது கோட்டிலேயே நடந்துவருகிறது. சின்ன உடம்பு, அவ்வளவுதான். இரண்டாவது குழந்தையை இந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதம் வரை நடுக்கோட்டை (50வது பர்சன்டைல்) ஒட்டி வந்த குழந்தை, அடுத்த மூன்று மாதத்தில் ஏறியது வெறும் 100 கிராம். நடுக்கோட்டிலேயே போயிருந்தால் அந்த மூன்று மாதத்தில் சுமார் 900 கிராம் ஏறியிருக்கும். "பச்சையிலதானே இருக்கு" என்று விட்டுவிட்டால், எடைக் குறைவைக் காட்டும் மஞ்சளுக்கு வரும்போது இன்னும் நாலைந்து மாதம் கழிந்திருக்கும்.

குழந்தையின் எடையைப் பார்ப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒரு புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு புள்ளி இருந்தால் சந்தேகப்படலாம், மூன்று இருந்தால் பேசலாம். அந்தப் புள்ளிகள் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் உண்டு. அதில்தான் பாதிக் குழப்பம், அதைப் பிறகு பார்ப்போம்.

பர்சன்டைல் மார்க் இல்லை

35 எடுத்தால் பாஸ் என்று பழகிய ஊர் நம்முடையது. அதனால் "உங்கள் பிள்ளை 15வது பர்சன்டைல்" என்று கேட்டதும் ஃபெயிலான மாதிரி முகம் வாடிவிடுகிறது. பர்சன்டைல் என்பது வரிசையில் ஓர் இடம். ஒரே வயது, ஒரே பாலினம், ஆரோக்கியமான 100 குழந்தைகளை லேசானதிலிருந்து கனமானது வரை வரிசையாக நிறுத்தினால், உங்கள் குழந்தைக்கு முன்னால் ஏறத்தாழ 15 பேர் லேசாக இருக்கிறார்கள், பின்னால் 85 பேர் கனமாக இருக்கிறார்கள். இவ்வளவுதான் அதன் அர்த்தம். 50வது இடத்துக்கு எல்லாரையும் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் தேவையில்லை. வரிசை என்றிருந்தால் யாராவது முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைகளிலேயே நூற்றுக்கு மூன்று பேர் 3வது கோட்டுக்குக் கீழே இருப்பார்கள்.

95வது பர்சன்டைலும் பரிசு இல்லை. கொழுகொழு என்று இருப்பதைத்தான் நம் வீடுகளில் ஆரோக்கியம் என்கிறோம். நீளமும் அதேபோல் மேல் கோட்டில் போனால் அது பெரிய குழந்தை. நீளம் 40லும் எடை 97லும் இருந்தால், புட்டிப்பாலின் அளவையும் பிஸ்கட்டையும் பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய நேரம். இரண்டு வயதுக்குள் குழந்தைக்கு நீங்களாகப் பட்டினி வைத்தியம் பார்க்கக் கூடாது.

இன்னொரு சூட்சுமம். பர்சன்டைல் எண்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒரே அளவு கிடையாது. ஆறு மாதப் பெண் குழந்தை 50இலிருந்து 45க்கு இறங்க ஏறக்குறைய 100 கிராம் போதும். ஒரு வேளைப் பால் குடித்த வித்தியாசம் அது. ஆனால் 3வது கோட்டில் (5.8 கிலோ) இருக்கும் குழந்தை 5.1 கிலோவுக்கு இறங்கினாலும், அதாவது 700 கிராம் குறைந்தாலும், எண் 3இலிருந்து 1க்குக் கீழே போனதாக மட்டும்தான் காட்டும். நடுவில் எண் ஆட்டம் போடும், ஓரத்தில் அசையவே அசையாது. இதனால்தான் எடை மிகக் குறைவான குழந்தைகளுக்கு டாக்டர்கள் பர்சன்டைலை விட்டுவிட்டு இசட் ஸ்கோர் பார்க்கிறார்கள். நடுக்கோட்டிலிருந்து எத்தனை எஸ்.டி. (திட்ட விலக்கம், குழந்தைகளின் எடை நடுவிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) தள்ளி என்பது கணக்கு. மைனஸ் 2 எஸ்.டி. என்பது கிட்டத்தட்ட 2வது பர்சன்டைல். அட்டையில் பச்சை முடிந்து மஞ்சள் தொடங்கும் இடம் அதுதான். மைனஸ் 3க்குக் கீழே ஆரஞ்சு.

எந்த வரைபடம்?

ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வரைபடம். தாய் சேய் அட்டையிலும் அங்கன்வாடியிலும் இருப்பது அதுவே. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி, நீலம், இளஞ்சிவப்பு. அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. ஆறு மாதத்தில் ஆணின் நடு எடை 7.9, பெண்ணின் நடு எடை 7.3. அட்டை மாறினால் 600 கிராம் மாறிவிடும்.

"வெளிநாட்டுக் குழந்தைகளோடு நம்ம குழந்தையை ஒப்பிடலாமா?" என்று பாட்டிமார் கேட்பது நியாயமான கேள்விதான். இந்த வரைபடத்துக்கான ஆய்வு 1997 முதல் 2003 வரை ஆறு இடங்களில் நடந்தது: பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, நார்வேயில் ஆஸ்லோ, ஓமனில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், இந்தியாவில் தெற்கு டெல்லி. தாய்ப்பால் கிடைத்த, நல்ல வசதியில் வளர்ந்த, புகைபிடிக்காத தாய்மாரின் குழந்தைகளாகப் பார்த்து எடுத்தார்கள். வளர ஏற்ற சூழல் இருந்தால் ஐந்து வயது வரை டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்று தெரிந்தது. நீளத்தில் தெரிந்த மொத்த வேறுபாட்டில் ஊர் சார்ந்தது 3 சதவீதம்தான். பெரும்பகுதி ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு.

போனில் ஆப் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆப்களில் அமெரிக்காவின் சி.டி.சி. (நோய்க் கட்டுப்பாட்டு மையம்) வரைபடம் தானாகவே தேர்வாகியிருக்கும். அது புட்டிப்பால் குடித்த குழந்தைகள் நிறையப் பேரை வைத்துப் போட்டது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக ஏறி, பிறகு நிதானப்படும். அந்த வரைபடத்தில் வைத்தால் நாலாம் மாதத்துக்கு மேல் சரிவதுபோல் தெரியும். "பால் பத்தல" என்று டின் பவுடர் வீட்டுக்குள் வருவது இப்படித்தான். இரண்டு வயதுக்குக் கீழே உலக சுகாதார நிறுவன வரைபடத்தையே பயன்படுத்துங்கள் என்று சி.டி.சி.யே 2010இல் சொல்லிவிட்டது. செட்டிங்கில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எடை பார்ப்பது

முதலில் அரைஞாண், கொலுசு, காப்பு. வெள்ளியில் எல்லாம் சேர்ந்தால் நூறு கிராமைத் தாண்டிவிடும். கழற்ற மனமில்லை என்றால் அவற்றைத் தனியாக எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கழித்துவிடுங்கள். அடுத்தது டயப்பர். நனைந்த டயப்பர் 100 முதல் 200 கிராம் வரை இருக்கும். அதோடு ஸ்வெட்டர், குல்லாய், சாக்ஸ் சேர்ந்தால் 300 கிராம் பொய் எடை. ஆறு மாதப் பெண் குழந்தைக்கு 3வது கோட்டுக்கும் 15வது கோட்டுக்கும் உள்ள இடைவெளியே 600 கிராம்தான். அதில் பாதி உடுப்பிலேயே போய்விடும். போன மாதம் ஸ்வெட்டரோடு, இந்த மாதம் வெறும் உடம்போடு எடை பார்த்துவிட்டு "இளைச்சுட்டாளே" என்று அழுதவர்கள் எத்தனையோ பேர்.

ஒரு வயது வரை வெறும் உடம்போடு பாருங்கள். பேபி ஸ்கேலில் மெல்லிய துணியை விரித்து, அதோடு சேர்த்து மெஷினை பூஜ்யமாக்கிவிட்டுக் குழந்தையைப் படுக்க வையுங்கள். கை கால் தட்டுக்கு வெளியே தொங்கக் கூடாது. தாயின் கை தட்டைத் தொடக் கூடாது. குழந்தை விழுந்துவிடுமோ என்று ஒரு விரலை வைத்தாலே 50 கிராம் மாறும். எண் நிலைகொண்ட பிறகு படியுங்கள். பிறந்த குழந்தைக்கு 10 கிராம் வரை காட்டும் மெஷின் வேண்டும்.

அங்கன்வாடியில் சில இடங்களில் இன்னும் தொங்கு தராசு உண்டு. ஒரு கொக்கி, கால் நுழைக்கும் துணிப்பை, கடிகாரம் போன்ற முகப்பு. இதில் இரண்டு தப்பு நடக்கும். பையை மாட்டாமல் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, பையோடு குழந்தையைத் தொங்கவிடுவது ஒன்று. பையின் கனமும் சேர்ந்துவிடும். குழந்தை கதறி உதைக்கும்போது முள் 6.2க்கும் 7க்கும் நடுவே ஆடும், பார்ப்பவர் குத்துமதிப்பாக 6.5 என்று எழுதிவிடுவது மற்றொன்று. தாய் பக்கத்தில் வந்து கண்ணுக்கு நேராக முகத்தைக் காட்டினால் இரண்டு நொடி உதைப்பது நிற்கும். அந்த இரண்டு நொடி போதும். முகப்பின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும், கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் முள் தள்ளித் தெரியும். இந்தத் தராசு 100 கிராம் படியில்தான் காட்டும் என்பதால் வாரா வாரம் பார்க்க உதவாது, மாதத்துக்கு ஒரு முறை போதும்.

மெஷினைச் சோதிக்க மளிகைக் கடையில் இரண்டு கிலோ எடைக்கல் ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பாருங்கள். 1.8 என்றோ 2.2 என்றோ காட்டினால் அந்த மெஷின் வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கான மெஷின் மட்டும்தான் இருக்கிறதா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை ஏறிக் கழிக்கலாம். ஒவ்வொரு அளவிலும் 100 கிராம் முன்பின் இருக்கும், கழிக்கும்போது இரண்டு தப்பும் சேர்ந்துகொள்ளும். ஒன்பது மாதக் குழந்தைக்குப் பரவாயில்லை. பிறந்து இரண்டு வாரமான குழந்தைக்கு இது எதற்கும் ஆகாது, ஏனென்றால் நாளொன்றுக்கு அது ஏறுவதே 25 முதல் 30 கிராம்தான்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? பிறந்ததும், 3 முதல் 5 நாளுக்குள், 10 முதல் 14 நாளுக்குள் என மூன்று முறை. அப்புறம் ஒரு வயது வரை மாதம் ஒரு முறை தாராளம். தினமும் பார்க்காதீர்கள். ஒரு வேளைப் பாலே நூறு கிராம் வரை வரும், ஒரு நாள் வளர்ச்சியைவிட அது அதிகம். காலையில் ஏறியது மாலையில் இறங்கும், வீட்டில் தூக்கம்தான் கெடும். அடிக்கடி எடை பார்த்தால் கண்ணு பட்டுவிடும் என்று பெரியவர்கள் தடுத்தால், காரணம் வேறானாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வதைக் கேட்கலாம். மாதாந்தர எடையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீளம்: எல்லாரும் தப்பு செய்யும் இடம்

எடைக்காவது மெஷின் இருக்கிறது. நீளத்தைப் பெரும்பாலும் தையல் டேப்பைக் குழந்தையின் மேல் வளைத்து வைத்தே எடுக்கிறார்கள். கன்னம், தொப்பை, முட்டி என்று டேப் மேடு பள்ளமாகப் போகும். இரண்டு முறை எடுத்தால் 3 செ.மீ. வித்தியாசம் வரும். ஆறு மாதத்துக்கு மேல் குழந்தை மாதத்துக்கு வளர்வதே ஒன்றரை செ.மீ.க்குள். 3 செ.மீ. தப்பை வைத்துக்கொண்டு இரண்டு மாத வளர்ச்சியைப் பற்றிப் பேச முடியாது.

இன்ஃபன்டோமீட்டர் என்பது ஒரு நீளப் பலகை. தலைப்பக்கம் அசையாத தடுப்பு, கால்பக்கம் நகரும் தடுப்பு, நடுவே அளவு கோடுகள். கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று, குழந்தையின் உச்சந்தலை தடுப்பைத் தொடும்படி இரண்டு காதோரமும் பிடித்துக்கொள்ள வேண்டும். குழந்தை நேர் மேலே கூரையைப் பார்க்க வேண்டும். தாடை நெஞ்சை ஒட்டியோ அண்ணாந்தோ இருந்தால் அளவு மாறும். மற்றவர் ஒரு கையால் இரண்டு முட்டியையும் மெதுவாக அழுத்தி நேராக்கி, மறு கையால் கால் தடுப்பைக் கொண்டுவந்து இரண்டு பாதமும் தட்டையாகத் தொட்டதும் படிக்க வேண்டும். ஒரு காலை மட்டும் நீட்டிப் பிடித்தால் இடுப்பு சாய்ந்து நீளம் கூடிவிடும். 0.1 செ.மீ. வரை எழுதுங்கள். குடுமி போட்டிருந்தால் அவிழ்த்துவிட வேண்டும். இரண்டு முறை எடுத்து, அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை.

வீட்டிலேயே செய்ய வேண்டுமானால் சுவரை ஒட்டித் தரையில் ஒரு விரிப்பு, தலை சுவரைத் தொட வேண்டும், காலடியில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்திக் கோடு போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிவிடுங்கள். பிறகு சுவரிலிருந்து கோடு வரை இரும்பு டேப்பால் அளக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். முதல் வருடம் மொத்தமாக ஏறத்தாழ 25 செ.மீ., இரண்டாம் வருடம் 12 செ.மீ. வளர்வது வழக்கம்.

இரண்டு வயதுக்கு முன் படுக்க வைத்து, பின் நிற்க வைத்து. நிற்கும்போது 0.7 செ.மீ. குறையும். இரண்டாம் பிறந்தநாளுக்கு அடுத்து வரும் அளவில் குழந்தை குள்ளமாகிவிட்டதுபோல் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தலைச்சுற்றளவு

நீளாத டேப் வேண்டும். பழைய துணி டேப் இழுபட்டுப் போயிருக்கும், ஃபைபர் டேப் நல்லது. முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பின்னால் தலை அதிகமாகப் புடைத்திருக்கும் இடம். காதுக்கு மேலே போக வேண்டும். ஹேர்பேண்ட், ஜடை இல்லாமல் மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது சராசரியாக 34 செ.மீ.; முதல் மூன்று மாதம் மாதம் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., பிறகு அரை செ.மீ. என்பது கைக்கணக்கு. எடைக் கோட்டுக்கு ஏற்ற இறக்கம் உண்டு, தலைக் கோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. கோடு விட்டுக் கோடு மேலே ஏறினாலும் கீழே விழுந்தாலும் டாக்டர். உச்சிக்குழி புடைத்து, வாந்தி எடுத்து, கருவிழி கீழே சொருகிக்கொண்டிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

புள்ளி வைப்பது

வயதை முடிந்த மாதத்தில் கணக்கிடுங்கள். மார்ச் 20இல் பிறந்த குழந்தைக்கு செப்டம்பர் 19 வரை ஐந்து மாதம், 20 முதல் ஆறு. "ஆறு நடக்குது" என்று நாம் பேச்சில் சொல்வது முடிந்த ஐந்து. இந்த ஒரு மாதக் குழப்பத்திலேயே நாலாம் மாதத்துப் பெண் குழந்தைக்கு 500 கிராம் வரை போய்விடும். கீழே வயதைக் கண்டுபிடித்து மேலே போங்கள், பக்கவாட்டில் எடையைக் கண்டுபிடித்துக் குறுக்கே வாருங்கள், சேரும் இடத்தில் சின்னப் புள்ளி. பழைய புள்ளியோடு கோட்டால் இணையுங்கள். இணைக்காமல் விட்டால் அட்டை வெறும் புள்ளிக் கோலம்தான்.

ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் நடந்ததை இரண்டு சொல்லில் எழுதி வையுங்கள்: வயிற்றுப்போக்கு, சோறு ஆரம்பம், அம்மா வேலைக்குப் போனது, பல், ஊர்ப்பயணம். டாக்டர் பத்து நிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை இந்த இரண்டு சொல் அரை நிமிடத்தில் சொல்லிவிடும்.

குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்த வேண்டும். 37 வாரத்துக்கு முன் பிறந்தால், 40இலிருந்து எத்தனை வாரம் குறைவோ அதை வயதிலிருந்து கழியுங்கள். 32 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை ஆறு மாதத்தில் 5.8 கிலோ என்று வையுங்கள். ஆறு மாதம் என்று போட்டால் 3வது கோடு, வீடே கலங்கிவிடும். எட்டு வாரம் கழித்து நாலு மாதம் என்று போட்டால் 15வது கோட்டுக்கு மேலே. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு வயது வரை எடை, நீளம், தலை மூன்றுக்கும் இப்படிக் கழியுங்கள். தடுப்பூசிக்குக் கழிக்கக் கூடாது, அதற்குப் பிறந்த தேதிதான் கணக்கு. 40 வாரம் நிரம்பும் வரை இந்த அட்டை பொருந்தாது. குறைமாதக் குழந்தைகளுக்கான ஃபென்டன் போன்ற வேறு வரைபடத்தில் டாக்டர் பார்ப்பார்.

கோட்டைப் படிப்பது

முதல் சில நாள் எடை இறங்கும். 3 கிலோ குழந்தை 200 முதல் 300 கிராம் வரை குறையலாம். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியாக வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும், இரண்டு வாரத்தில் திரும்பாவிட்டாலும் பால் குடிக்கும் விதத்தைப் பார்க்கத் தெரிந்தவரிடம் உடனே காட்டுங்கள். பெரும்பாலும் காம்பை மட்டும் கவ்விக்கொண்டிருக்கும். கருவட்டம் நிறைய வாய்க்குள் போகும்படி மாற்றினாலே எடை ஏறத் தொடங்கும்.

பிறகு ஒரு ஏற்ற வேகம் உண்டு. முதல் மூன்று மாதம் நாளுக்கு 25 முதல் 30 கிராம், அடுத்த மூன்று மாதம் 15 முதல் 20, அப்புறம் 10 முதல் 15. வயது ஏற ஏற வேகம் குறைவது இயல்பு, வரைபடத்தின் கோடுகளே அப்படித்தான் வளைந்து போகின்றன. "முதல் மாசம் ஒரு கிலோ ஏறினான், இப்ப 300 கிராம்தான்" என்பது புகாரே இல்லை. ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பு, ஒரு வயதில் மூன்று மடங்கு என்ற பழைய கணக்கு மோசமில்லை. ஆனால் 2.2 கிலோவில் பிறந்த குழந்தை மூன்று மடங்காகி 6.6 ஆனால் திருப்திப்பட முடியாது. ஒரு வயதில் அது பெண்ணானாலும் மஞ்சள்தான்.

முதல் ஒன்றரை வருடத்தில் கோடு மாறுவதெல்லாம் நோயில்லை. கர்ப்பத்தில் இடமில்லாமல் சின்னதாகப் பிறந்த குழந்தை வெளியே வந்ததும் ஏறிப் பிடிக்கும். சர்க்கரை நோய் உள்ள தாய்க்கு 4 கிலோவில் பிறந்த குழந்தை மெல்ல இறங்கி அதன் சொந்த இடத்துக்கு வரும். அம்மா அப்பா இருவரும் குள்ளமென்றால் ஆறாம் மாதத்துக்கு மேல் ஒரு கோடு இறங்கி அங்கேயே நிலைக்கும். எடையும் நீளமும் சேர்ந்து மெதுவாக இறங்கி, பிறகு கோட்டுக்கு இணையாக ஓடினால் பதற வேண்டாம். ஆனால் அதை உறுதிப்படுத்துவது டாக்டரின் வேலை. "எங்க பரம்பரையே இப்படித்தான்" என்ற சமாதானத்துக்குள் ரத்தசோகையும் சிறுநீர்த் தொற்றும் ஒளிந்துகொண்ட கதைகள் நிறைய.

மூன்று கோடுகளும் எந்த வரிசையில் விழுகின்றன என்பதில் துப்பு இருக்கிறது. சாப்பாடு போதாவிட்டால் முதலில் எடை விழும், சில மாதம் கழித்து நீளம், தலை கடைசியில்தான். எடை நன்றாக இருந்து நீளம் மட்டும் நின்றுபோனால் தைராய்டு போன்ற ஹார்மோன் விஷயங்களை டாக்டர் யோசிப்பார். எடையும் நீளமும் இரண்டுமே சின்னது, ஒன்றுக்கொன்று பொருத்தம் என்றால் நீளத்துக்கேற்ற எடை வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒல்லியா, வெறும் சின்ன உருவமா என்பதை அது பிரித்துக் காட்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது படுத்துவிட்ட கோடு. அது எந்தக் கோட்டையும் தாண்ட வேண்டியதில்லை, நிறமும் மாற வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் ஒரு மாதம் முழுக்க எடை ஏறவில்லை என்றாலோ, அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஏறவில்லை என்றாலோ, கோடு எங்கே இருந்தாலும் பொருட்டில்லை, காட்டுங்கள். எடை குறைந்தால் மாதக் கணக்கே வேண்டாம்.

14 வாரத்துக்கும் 9 மாதத்துக்கும் நடுவே

அரசுத் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். 6 வாரம், 10 வாரம், 14 வாரம். அடுத்தது 9 மாதம். நடுவில் ஐந்தரை மாதத்துக்கு மேல் ஊசி இல்லை, அதனால் ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டிய அவசியமும் இல்லை, எடையும் யாரும் பார்ப்பதில்லை. குழந்தை தாய்ப்பாலிலிருந்து சோற்றுக்கு வருவதும், அம்மா வேலைக்குத் திரும்புவதும், தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் போட்டு முதல் வயிற்றுப்போக்கு வருவதும் இந்த இடைவெளியில்தான். முதலில் சொன்ன இரண்டாவது குழந்தையின் கோடு படுத்தது இங்கேதான். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்ப்பது இதற்காகத்தான். சத்துமாவு மட்டும் வாங்கிவந்தால் போதாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தனியார் டாக்டரிடம் போகிறவர்கள் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு மாதம் முடியும் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

இந்தக் காலத்தில் எடை நின்றால் முதலில் கிண்ணத்துக்குள் பாருங்கள். பருப்புத் தண்ணி, அரிசிக் கஞ்சியின் தெளிவு, ரசத்தில் கரைத்த சோறு: வயிறு நிறையும், சக்தி இருக்காது. ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மி.லி.தான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் வேறு எதற்கும் இடமில்லை. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் மெதுவாக வழுக்கி விழும் பதம் சரி. பருப்பையே மசித்துச் சேருங்கள், ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய் விடுங்கள். அந்த ஒரு தேக்கரண்டியிலேயே 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. முட்டை, மீன் வீட்டில் உண்டென்றால் ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கலாம். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, 9 மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளை, கூடவே தாய்ப்பால். டின் பால் கொடுப்பவர்கள் டின்னில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு மி.லி.கூடத் தண்ணீர் சேர்க்காதீர்கள். டின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று கரண்டியைக் குறைப்பது எடை நிற்க ஒரு பெரிய காரணம். காய்ச்சலோ பேதியோ முடிந்தபின் இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும்.

பல் முளைக்குது, அதான் இளைக்கிறான். தவழ ஆரம்பிச்சாச்சு, அதான் எடை ஏறல. இந்த இரண்டையும் அட்டை ஏற்றுக்கொள்ளாது. வரைபடத்துக்கான ஆய்வில் இருந்த குழந்தைகளுக்கும் பல் முளைத்தது, ஏறக்குறைய எல்லாரும் தவழ்ந்தார்கள். அதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கோடு.

டாக்டரிடம் போகும்போது

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுவது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் இடது மேல்கையின் நடுவில் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருப்பது (அங்கன்வாடி நாடாவில் சிவப்பு, 12.5 வரை மஞ்சள்). எடை ஆரஞ்சில் விழுவது. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் ஓய்ந்துபோவது. இது இதயக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். பிறந்து ஒரு வாரத்துக்கு மேலான குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழிப்பது.

இவை எதுவும் இல்லாமல் கோடு மட்டும் ஒரு படி இறங்கியிருந்தால், வேறு கவலை எதுவும் தோன்றும் முன் அதே மெஷினில், வெறும் உடம்போடு மறுபடி எடை பாருங்கள். ஆச்சரியப்படும் அளவுக்குப் பல "வளர்ச்சிக் குறைவு" இந்த இடத்திலேயே மறைந்துபோகும். எண் மாறாவிட்டால் உணவில் மேலே சொன்ன திருத்தங்களைச் செய்து இரண்டு வாரம் கழித்து இன்னொரு புள்ளி. இரண்டு கோடு இறங்கியிருந்தால் இந்த இரண்டு வாரமும் வேண்டாம்.

போகும்போது அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். போனில் "இப்ப 7.3 கிலோ டாக்டர், சரிதானா?" என்று கேட்டால் எவ்வளவு நல்ல டாக்டராக இருந்தாலும் "ஆறு மாசத்துல எவ்வளவு இருந்துச்சு?" என்றுதான் திருப்பிக் கேட்பார்.